உணவுக் கோளாறு சிகிச்சையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உணவுக் கோளாறு உள்ளவர்களுக்கான வார்டில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். சுருக்கமாக ஓ.டி. இதைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் ஏதாவது ஒன்று கேட்பார். மாணவர்கள் கேட்பது ஒரு மாதிரி, பெற்றோர்கள் கேட்பது வேறு மாதிரி, ரயிலில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்பது இன்னொரு மாதிரி. திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்று. இந்தப் பக்கத்தில் எடைக் கணக்கோ கலோரிக் கணக்கோ இருக்காது. இந்த நோயில் இருப்பவர் இதைப் படிக்க நேர்ந்தால் அவர் கண் முதலில் அந்த எண்ணில்தான் போய் நிற்கும், உடனே தன்னை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பார். நான் சொல்லும் நோயாளிகளின் அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். சிலர் இரண்டு மூன்று பேரைக் கலந்து உருவானவர்கள்.

ஆக்குபேஷனல் தெரபி என்றால் வேலை வாங்கித் தருவதா? கைத்தொழில் சொல்லிக்கொடுப்பதா?

இரண்டும் இல்லை. பெயர் செய்யும் குழப்பம் இது. இங்கே ‘ஆக்குபேஷன்’ என்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலை மட்டுமல்ல. குளிப்பது, சமைப்பது, பள்ளிக்குப் போவது, நண்பரோடு அரட்டை அடிப்பது, ஞாயிற்றுக்கிழமை சும்மா படுத்துக் கிடப்பது என்று ஒரு நாளை நிரப்பும் எல்லாமே அதில் அடக்கம். 1917 மார்ச்சில் அமெரிக்காவின் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூரில் ஜார்ஜ் பார்ட்டன் என்ற கட்டடக் கலைஞரின் வீட்டில் சிலர் கூடி இந்தத் துறைக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். பார்ட்டனே பெரிய நோயாளி. காசநோய் வந்தது, பாதத்தில் ஒரு பகுதியை எடுத்தார்கள், பிறகு உடலின் ஒரு பக்கம் செயலிழந்தது. தோட்டவேலையும் தச்சுவேலையும் செய்துதான் அவர் மெல்ல மெல்லத் தேறினார். கையும் மனமும் சேர்ந்து எதையாவது செய்யும்போது ஆள் தேறுகிறார் என்ற அந்தப் பழைய எண்ணத்தை வைத்துத்தான் இன்றும் எங்கள் வண்டி ஓடுகிறது.

உணவுக் கோளாறு என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

எல்லோருக்கும் தெரிந்தது அனோரெக்சியா நெர்வோசா. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே போவது, எடை ஏறிவிடுமோ என்ற கடும் பயம், கண்ணாடியில் தெரியும் உடம்பை உள்ளபடி பார்க்க முடியாமை. புலிமியா நெர்வோசாவில் அளவு மீறிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி, பேதி மாத்திரை, பட்டினி என்று ‘சரிக்கட்டும்’ சுழல் இருக்கும். அதற்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர் ஜெரால்ட் ரஸ்ஸல் என்ற மனநல மருத்துவர், 1979இல். சரிக்கட்டல் இல்லாமல் கட்டுப்பாடு இழந்து உண்பது பிஞ்ச் ஈட்டிங் கோளாறு. உடல் வடிவத்தைப் பற்றிய கவலையே இல்லாமல், உணவின் மணம், பதம், தொண்டையில் சிக்கிவிடுமோ என்ற பயம், ஆர்வமின்மை ஆகியவற்றால் மிகக் குறைவாகச் சாப்பிடுவது ஆர்ஃபிட். கடைசி இரண்டும் டி.எஸ்.எம். என்ற நோய் வகைப்பாட்டு நூலில் தனி நோய்களாக இடம்பெற்றது 2013இல்தான். எந்தப் பெட்டியிலும் முழுதாக அடங்காதவர்களும் நிறைய. பெட்டியில் அடங்கவில்லை என்பதால் நோய் லேசானது என்று அர்த்தமில்லை.

டாக்டர், டயட்டீஷியன், சைக்காலஜிஸ்ட், நர்ஸ் எல்லோரும் இருக்கிறார்களே. ஓ.டி. எதற்கு?

இதை எங்கள் மருத்துவமனை நிர்வாகிகளே கேட்டிருக்கிறார்கள்.

டயட்டீஷியன் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று சொல்வார். அந்தத் தட்டைப் பார்த்து ஏன் பயம் வருகிறது என்று சைக்காலஜிஸ்ட் பேசுவார். டாக்டர் இதயத்தையும் ரத்தத்தையும் பார்த்துக்கொள்வார். நர்ஸ் இருபத்துநாலு மணி நேரமும் உடன் இருப்பார். இத்தனையும் நடந்து ஒருவர் வீட்டுக்குப் போகிறார். அடுத்த நாள் காலை ஏழரை மணி. அடுப்பங்கரையில் தனியாக நிற்கிறார். ஃபிரிட்ஜைத் திறக்கிறார். மூடுகிறார். அந்த ஏழரை மணிதான் என் வேலை.

எங்கள் நோயாளிகளுக்குச் சத்துணவு பற்றித் தெரியாதது குறைவு. பலர் என்னைவிட அதிகம் படித்தவர்கள். ‘சாப்பிடணும்னு எனக்குத் தெரியும், கைதான் போகலை’ என்பார்கள். தெரிந்த விஷயம் கைக்கு வர, அதைச் செய்துதான் பார்க்க வேண்டும், அதே இடத்தில், அதே நேரத்தில், பயம் இருக்கும்போதே. பேசுவதற்கு இங்கே ஆட்கள் உண்டு. கூட நின்று செய்து பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

முதல் சந்திப்பில் என்ன கேட்பீர்கள்?

சாப்பாட்டைப் பற்றி முதலில் கேட்க மாட்டேன். ‘நேற்று எத்தனை மணிக்கு எழுந்தீங்க? அப்புறம்?’ என்றுதான் ஆரம்பிப்பேன். ஒரு தாளில் இருபத்துநாலு மணி நேரத்தையும் கட்டம் போட்டு வைத்திருப்பேன். நாள் முழுவதையும் கட்டம் கட்டமாக நிரப்புவோம். பாதி தூரம் போனதும் அவர்களே தாளைப் பார்த்து அமைதியாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒரு கல்லூரி மாணவி இப்படி நிரப்பியபோது, விழித்திருந்த நேரத்தில் மூன்றே கட்டங்கள்தான் நோய்க்குச் சம்பந்தமில்லாமல் இருந்தன. பாக்கி எல்லாம் சமையல் வீடியோ, அளத்தல், நடத்தல், கண்ணாடி, நாளைக்கு என்ன சாப்பிடாமல் இருப்பது என்ற திட்டம். ‘இது ஒரு ஃபுல் டைம் வேலை மாதிரி இருக்கே’ என்றாள். அவள்தான் சொன்னாள், நான் இல்லை.

இதற்குப் பின்னால் ஒரு கோட்பாடும் உண்டு. கேரி கீல்ஹாஃப்னர் 1980இல் வெளியிட்ட மனிதச் செயல்பாட்டு மாதிரி. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ‘மோஹோ’ என்போம். ஒருவர் எதை விரும்புகிறார், எந்தப் பழக்கங்களிலும் பாத்திரங்களிலும் வாழ்கிறார், உடலும் மூளையும் எவ்வளவு ஒத்துழைக்கின்றன, சுற்றுச்சூழல் எப்படி இருக்கிறது என்ற நான்கையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறது. உணவுக் கோளாறில் நான் அதிகம் தோண்டுவது பாத்திரங்களைத்தான். பதினாலு வயதில் நோய் வந்து இருபத்தாறு வயதில் என்னிடம் வருபவர், மகள், தோழி, மாணவி, ஊழியர் என்ற பாத்திரங்களை ஒவ்வொன்றாக இழந்து ‘நோயாளி’ என்ற ஒன்றை மட்டும் கையில் வைத்திருப்பார். அதையும் பிடுங்கப் போகிறோம் என்றால் அவர் ஏன் சம்மதிக்க வேண்டும்? பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா?

அப்படியென்றால் இவர்கள் வேண்டுமென்றே அடம்பிடிக்கவில்லையா?

இல்லை. பெற்றோர்களுக்கு இதைப் புரியவைக்க நான் ஒரு பழைய ஆய்வைச் சொல்வதுண்டு. இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், 1944-45இல், மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் ஆரோக்கியமான 36 இளைஞர்களை 24 வாரம் அரைப்பட்டினியில் வைத்தார். போரில் சேர மனச்சாட்சி இடம் தராததால் மாற்றுப் பணிக்கு வந்தவர்கள் அவர்கள். தாங்களாகவே முன்வந்து இதற்கு ஒப்புக்கொண்டார்கள். போரால் பட்டினி கிடந்த மக்களை எப்படி மீட்பது என்று கண்டுபிடிப்பதுதான் நோக்கம்.

அவர்களுக்கு நடந்ததைக் கேளுங்கள். சாப்பாட்டைத் துண்டு துண்டாக வெட்டி மணிக்கணக்கில் சாப்பிட்டார்கள். சமையல் புத்தகங்களைச் சேகரித்தார்கள். எப்போதும் குளிர் என்றார்கள். நண்பர்களை விட்டு விலகினார்கள், எரிந்து விழுந்தார்கள், படிப்பில் மனம் நிற்கவில்லை. பட்டினி முடிந்த பின்னும் சிலருக்கு எவ்வளவு சாப்பிட்டாலும் போதவில்லை. இவர்களில் யாரும் உணவுக் கோளாறோடு வந்தவர்கள் இல்லை. பட்டினி மட்டுமே இத்தனையையும் செய்தது.

இதைக் கேட்டு ஒரு அப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, ‘அப்போ என் பொண்ணு உள்ளேதான் இருக்கா’ என்றார்.

சமையலறையில் என்னதான் நடக்கும்?

முதலில், எல்லோரையும் எடுத்த எடுப்பில் சமையலறைக்குக் கூட்டிப்போக மாட்டோம். நீண்ட பட்டினிக்குப் பின் சாப்பாட்டைத் தொடங்கும் முதல் நாள்களில் ரத்தத்தில் பாஸ்பேட் திடீரென்று விழுந்து இதயத்தைப் பாதிக்கலாம். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பார்கள். எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுபவரும் உண்டு. டாக்டர் சரி என்ற பிறகுதான் அடுப்பு. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் இருந்தால் கத்திகளை எண்ணி எடுத்து எண்ணி வைப்போம்.

இனி ஒரு காலையைச் சொல்கிறேன். ஆம்லெட். ஒரு முட்டை ஆம்லெட்டில் என்ன சிகிச்சை இருக்க முடியும்?

அவர் முப்பதை நெருங்கும் பெண், கணக்கு ஆசிரியை. முட்டையை உடைப்பதில் சிக்கலில்லை. வெங்காயத்தை நறுக்கினார், எல்லாத் துண்டும் ஒரே அளவு, அச்சில் வார்த்ததுபோல். ஒரு துண்டு பெரிதாகிவிட்டால் அதை எடுத்துத் திரும்ப வெட்டினார். அதற்கே இருபது நிமிஷம். அடுத்து எண்ணெய். கரண்டியை எடுத்தார், பாட்டிலைச் சாய்த்தார், விளிம்புவரை வந்த எண்ணெய் அப்படியே நின்றது. கை நடுங்கியது. வாணலியில் ஊற்றினார். ஊற்றிய மறு நொடியே, யோசிக்கும் முன்னாலேயே, அவர் இடது கை டிஷ்யூ பேப்பரை எடுத்து வாணலியைத் துடைத்துவிட்டது. அவரே திடுக்கிட்டுப் பேப்பரைப் பார்த்தார். ‘நான் துடைக்கணும்னு நினைக்கவே இல்லை’ என்றார்.

பேச்சு சிகிச்சை அறையில் இது வெளியே வந்திருக்காது. பொய் சொல்கிறார் என்பதல்ல. அவருக்கே தெரியாது. பழக்கம் கையில் குடியிருக்கிறது.

அன்று நாங்கள் செய்தது இவ்வளவுதான். டிஷ்யூ சுருளை அடுத்த அறையில் கொண்டுபோய் வைத்தோம். மறுபடி எண்ணெய் ஊற்றினார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தவித்தார், வாணலிப் பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முட்டை வெந்தது. அதே மேசையில் இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். பயம் பத்துக்கு எவ்வளவு என்று முன்னால் கேட்டபோது ஒன்பது என்றார். சாப்பிட்டு அரைமணி கழித்து ஆறு. அடுத்த வாரம் ஏழில் தொடங்கியது. எண் குறைந்ததைவிட, அவர் குறைவதைத் தானே பார்த்தார் என்பதுதான் முக்கியம்.

வெங்காயம் வேறு கதை. சிறு விவரத்தில் சிக்கி முழுசை விட்டுவிடுவது, ஒரு முறையிலிருந்து இன்னொரு முறைக்கு மாறத் திணறுவது இரண்டும் அனோரெக்சியாவில் பலருக்கு உண்டு. ஆகவே வேண்டுமென்றே கோணல்மாணலாக நறுக்கச் சொல்வோம். மறுநாள் வேறு கத்தி, அதற்கடுத்து செய்முறைக் குறிப்பு இல்லாமல் சமையல். சிரிப்பு வரும் விஷயம்தான். ஆனால் உணவைத் தொடாமல் உணவுக் கோளாறின் இறுக்கத்தைத் தளர்த்த இது நல்ல வழி. இடக்கையால் பல் தேய்ப்பது, பழகாத வழியில் நடந்து போவது எல்லாம் இதே ரகம்.

நீங்களும் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டுமா?

ஆமாம், தினமும். அதே மேசை, முழுச் சாப்பாடு. ‘எனக்குப் பசிக்கலை’, ‘நான் அப்புறம் சாப்பிடறேன்’ எல்லாம் அந்த மேசையில் செல்லாது. நீங்கள் டயட்டில் இருப்பவர் என்றால் உங்களுக்கு இந்த வேலை கஷ்டம்.

பல வார்டுகளில் முக்கியச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் கொடுப்பார்கள். அந்த அரைமணியில் உணவைப் பற்றிப் பேச மாட்டோம். வார்த்தை விளையாட்டு, பழைய பாட்டு, யாருடைய பூனை எங்கே காணாமல் போனது, இப்படித்தான் பேச்சு போகும். யாராவது உணவைத் தட்டோரம் ஒதுக்கினாலோ நாப்கினுக்குள் தள்ளினாலோ தாழ்ந்த குரலில் ஒரே வாக்கியம். விவாதம் கிடையாது.

சாப்பிட்டு முடித்த பிறகுதான் உண்மையில் கடினமான நேரம். வாந்தி எடுக்கவும், மாடிப்படி ஏறி இறங்கவும் உடம்பு பரபரக்கும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னல் வேலை, களிமண், ஜிக்சா, சீட்டுக்கட்டு என்று எங்கள் அலமாரி நிறைய வைத்திருக்கிறோம். வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பொழுதுபோக்கு வகுப்பு மாதிரி தெரியும். இரண்டு கையும் கம்பளி நூலில் சிக்கியிருக்கும்போது பரபரப்பு எப்படி ஏறி, உச்சிக்குப் போய், இறங்குகிறது என்று கவனித்தவருக்கு அது பொழுதுபோக்கு இல்லை.

கடை, ஹோட்டல், துணிக்கடை என்று வெளியே கூட்டிப்போவீர்களாமே?

போவோம். சூப்பர் மார்க்கெட்டில் ஒருவர் ஒரு ரொட்டிப் பாக்கெட்டைத் தேர்ந்தெடுக்க நாற்பது நிமிஷம் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் படித்து ஒப்பிட்டபடி. அடுத்த தடவை ஒரு விதி வைத்தோம்: பாக்கெட்டின் முன்பக்கம் மட்டும், இருபது விநாடி. அதற்கடுத்து பசிக்கு எது பிடிக்கும் என்று கேட்டுக்கொண்டு எடுப்பது. ஹோட்டலில் மெனுவை முதல் நாளே இணையத்தில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். அது முதல் படி, பரவாயில்லை. பிறகு பார்க்காமல் வருவது, பிறகு மற்றவர் தேர்ந்ததைச் சாப்பிடுவது. ஏணியில் ஒவ்வொரு படியாக.

துணிக்கடையில் நான் பையில் ஒரு சின்னக் கத்தரிக்கோல் வைத்திருப்பேன். கடைக்காரரிடம் முன்னமே சொல்லி, வாங்கப் போவது உறுதி என்று வாக்குக் கொடுத்து, அளவு எண் உள்ள பட்டையை வெட்டிவிட்டுத்தான் உடையைக் கொடுப்பேன். உட்கார்ந்து பாருங்கள், கையைத் தூக்குங்கள், குனிந்து ஷூ லேஸ் கட்டுங்கள், இடிக்கிறதா? இவ்வளவுதான் கேள்வி. எப்படித் தெரிகிறது என்பது கேள்வியே அல்ல.

வீட்டு அலமாரியில் ‘அந்தக் காலத்து’ உடைகள் ஒரு மூட்டை இருக்கும். அதைத் தூக்கிப்போடச் சொல்லி நான் அவசரப்படுத்துவதில்லை. முதலில் கண்ணுக்குப் படாத இடத்துக்கு மாற்றுவோம். ஒருவர் அதைக் கொடுத்துவிட எட்டு மாதம் எடுத்துக்கொண்டார்.

உடற்பயிற்சியை முழுக்க நிறுத்திவிடுவீர்களா?

உடல் ஆபத்தில் இருக்கும்போது ஆமாம், டாக்டர் சொல்லும்வரை. அதன் பிறகு நிறுத்துவதல்ல, உறவை மாற்றுவதுதான் வேலை. நான் கேட்பது மூன்று: மழை பெய்தால் விட்டுவிட முடியுமா? யாராவது கூட வந்து மெதுவாக நடந்தால் எரிச்சல் வருமா? செய்யாத நாளில் சாப்பாட்டைக் குறைப்பீர்களா? இந்தப் பதில்களை வைத்தே அது விளையாட்டா, தண்டனையா என்று தெரிந்துவிடும்.

ஆர்ஃபிட் உள்ளவர்களுக்கும் இதே முறையா?

இல்லை, அங்கே புலன்கள்தான் முன்னால் வரும். ஒரு பையனுக்கு வழவழப்பு ஆகாது. ஈரமும் மொறுமொறுப்பும் ஒரே கவளத்தில் வந்தால் குமட்டும். அவனிடம் ‘ஒரு வாய், ஒரே ஒரு வாய்’ என்று கெஞ்சி எதுவும் ஆகப்போவதில்லை, வீட்டில் பத்து வருஷம் கெஞ்சியிருக்கிறார்கள். ஒரே அறையில் வைத்துக்கொள்வது, கரண்டியால் தொடுவது, விரலால் தொடுவது, முகர்வது, உதட்டில் வைத்து எடுப்பது. விழுங்குவது கடைசியில்தான். அவன் ஏற்றுக்கொள்ளும் உணவிலிருந்து ஒரே ஒரு குணத்தை மட்டும் மாற்றுவோம், அதே பதம் வேறு நிறம், அப்புறம் அதே நிறம் வேறு வடிவம். சத்தமான சாப்பாட்டுக் கூடத்தில் இருந்து ஒதுக்குப்புறமான மேசைக்கு மாற்றினதிலேயே சிலர் பாதித் தட்டு அதிகம் சாப்பிட்டார்கள்.

பசி, நிறைவு, தாகம் ஆகிய உள்ளுணர்வுகளைப் படிக்கத் தெரியாமை எல்லா வகை நோயாளிகளிடமும் உண்டு. வயிற்றில் தொடங்க வேண்டாம், அங்கே பயம் அதிகம். வெந்நீர்ப் பை, ஐஸ் கட்டி, படி ஏறிய பின் நெஞ்சுத் துடிப்பு, இவற்றிலிருந்து தொடங்குவோம்.

அளவு மீறி உண்பவர்களுக்கு ஓ.டி. என்ன செய்ய முடியும்?

நிறைய. மதியத்தைத் தவிர்ப்பது, மாலை தனிமை, இரவு உண்ணுதல், மறுநாள் குற்ற உணர்வில் காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பது என்ற வட்டம் அந்தக் கட்டம் போட்ட தாளில் பளிச்சென்று தெரியும். மன உறுதி போதவில்லை என்று இவர்களை எல்லோரும் திட்டியிருப்பார்கள். பகலில் ஒழுங்காகச் சாப்பிடவைப்பதும், இரவு எட்டிலிருந்து பத்துவரை இருக்கும் வெறுமையில் எதையாவது நடுவதும்தான் எங்கள் பங்கு. நடுவது பிடித்ததாக இருக்க வேண்டும். ஒருவருக்கு அது மிருதங்கம், ஒருவருக்கு மீன்தொட்டி.

ஆண்களுக்கும் வருமா?

வரும். தாமதமாக வெளியே தெரியும், அவ்வளவுதான். தசை, ஜிம், ‘ஃபிட்னஸ்’ என்ற பெயரில் மறைந்திருக்கும். கேட்கும் படிவங்கள் பெரும்பாலும் பெண்களை மனதில் வைத்து எழுதியவை என்பதால் அவர்களே தங்களைச் சந்தேகிப்பதில்லை.

வீட்டார் என்ன செய்யலாம்? என்ன செய்யக் கூடாது?

பதின்பருவத்தினருக்கு, பெற்றோரையே சிகிச்சையின் நடுவில் வைக்கும் குடும்பவழிச் சிகிச்சை உண்டு. லண்டனின் மாட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவானது. தொடக்கத்தில் சாப்பாட்டுப் பொறுப்பைப் பெற்றோர் ஏற்பார்கள், பிள்ளை தேறத் தேறத் திருப்பிக் கொடுப்பார்கள். திருப்பிக் கொடுக்கும் அந்தக் கட்டத்தில்தான் ஓ.டி. அதிகம் உதவ முடியும்: பள்ளிக் கேன்டீன், சுற்றுலா, நண்பர் வீட்டுப் பிறந்தநாள்.

கூடாதது ஒன்றை மட்டும் சொல்கிறேன். உடம்பைப் பற்றிப் பேசாதீர்கள். யாருடைய உடம்பையும். பாராட்டாகக்கூட. ஏன் என்பதற்கு அடுத்த பதிலைப் பாருங்கள்.

இந்த வேலையில் நீங்கள் செய்த தப்பு எது?

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். மூன்று வாரம் நன்றாகச் சாப்பிட்டு வந்த ஒரு பெண்ணைத் தாழ்வாரத்தில் பார்த்து, உண்மையான சந்தோஷத்தோடு, ‘இன்னிக்கு முகம் நல்லா தெளிவா இருக்கு!’ என்றேன். அவள் சிரித்தாள். அன்று இரவு சாப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. நான் ‘தெளிவு’ என்றேன், அவளுக்குள் இருந்த நோய் அதைக் ‘குண்டு’ என்று மொழிபெயர்த்துச் சொல்லியிருந்தது. நாலு நாள் ஆனது மீள. சீனியர் திட்டவில்லை. ‘இனி பார்த்ததைச் சொல்லாதே, செஞ்சதைச் சொல்லு’ என்றார். அன்றிலிருந்து ‘நேத்து அந்த ஜோக் நீ சொன்னது நல்லா இருந்தது’ என்கிற மாதிரிதான் என் பாராட்டு.

முன்னேற்றத்தை எப்படி அளப்பீர்கள்? எடையை வைத்தா?

எடை டாக்டரின் கணக்கு, அவசியமான கணக்கு. எனக்கு வேறு கணக்கு. கனடாவில் உருவான ஒரு முறை உலகெங்கும் ஓ.டி.க்கள் பயன்படுத்துவது, ‘காப்ம்’ என்போம். தனக்கு முக்கியமான செயல்களை நோயாளியே தேர்வார். அதை இப்போது எவ்வளவு செய்ய முடிகிறது, அதில் எவ்வளவு திருப்தி என்று ஒன்றிலிருந்து பத்துக்குள் அவரே மதிப்பெண் போடுவார். சில மாதம் கழித்துத் திரும்பவும். இரண்டு புள்ளி ஏறினால் நல்ல மாற்றம்.

ஒருவர் எழுதிய ஐந்து இலக்குகளில் நான்காவது: ‘அக்கா குழந்தைக்கு ஊட்டும்போது, கையில் ஒட்டியதை யோசிக்காமல் நக்குவது.’ இதை எந்தத் தராசில் அளப்பது?

எனக்கே முன்பு இந்த நோய் இருந்தது. இந்த வேலைக்கு வரலாமா?

வரலாம். இந்தத் துறையில் அப்படி வந்த நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் மூன்று விஷயங்களில் உங்களிடமே நேர்மையாக இருங்கள். தினமும் அந்த மேசையில் மனத்துக்குள் கணக்குப் போடாமல் சாப்பிட முடியுமா? உங்களைவிட மெலிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன நடக்கிறது? உங்கள் கதையைச் சொல்லாமல் வைத்துக்கொள்ள முடியுமா? கடைசிக் கேள்வியைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். ‘நானும் இருந்தேன்’ என்று சொன்ன நொடியே நோயாளியின் கண் உங்கள் உடம்பின் மேல் போகும். ‘எவ்வளவு எடை வரை போனீங்க?’ என்ற கேள்வி வாய்வரை வரும். இன்னும் குணமாகிக்கொண்டிருந்தால் காத்திருங்கள், வேறு பிரிவில் சில வருஷம் வேலை பாருங்கள்.

நோய் வராதவர்களுக்கும் இதில் விலக்கு இல்லை. சேர்ந்த ஆறாவது மாதம் நானே கண்ணாடி முன்னால் வழக்கத்தைவிட அதிக நேரம் நிற்பதைக் கவனித்தேன். மேற்பார்வைக் கூட்டத்தில் சொன்னேன். வெட்கமாகத்தான் இருந்தது. அதற்குத்தான் அந்தக் கூட்டம்.

என்ன படிக்க வேண்டும்?

ஆக்குபேஷனல் தெரபியில் பட்டம். உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள் கூட்டமைப்பின் குறைந்தபட்சத் தரப்படி படிப்புக்குள் 1000 மணி நேரக் களப்பயிற்சி இருக்க வேண்டும். உணவுக் கோளாறுக்கென்று படிப்பில் ஓரிரு வகுப்புதான் கிடைக்கும். மனநலப் பிரிவில் பயிற்சி எடுங்கள், குழந்தைகள் பிரிவில் புலன் சார்ந்த வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள், ரத்தப் பரிசோதனைத் தாளில் பொட்டாசியத்தையும் பாஸ்பேட்டையும் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். சமைக்கவும் தெரிந்திருக்க வேண்டும். பெரிய சமையல் வேண்டாம். சாதத்தைக் குழைய விட்டுவிட்டுப் பதற்றப்படாமல் ‘சரி, இதையே சாப்பிடலாம்’ என்று சொல்லத் தெரிந்தால் போதும். சொல்லப்போனால் நானே சில நாள் வேண்டுமென்றே குழைய விடுவதுண்டு.

சோர்ந்து போக மாட்டீர்களா?

போவேன். மனநல நோய்களில் உயிரிழப்பு அதிகமுள்ளவற்றில் அனோரெக்சியா ஒன்று. திரும்பத் திரும்ப வார்டுக்கு வருபவர்கள் உண்டு. இதில் மருந்து மாத்திரை போட்ட மறுநாள் தெரிவதுபோல் எதுவும் தெரியாது, குணமாக வருஷங்கள் ஆகும். ஆனால் நீண்ட காலம் நோயில் இருந்தவர்களும் மீள்கிறார்கள் என்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். இனி முழுதாகக் குணமாவதில்லை என்று தோன்றுபவரோடும் வேலை உண்டு: வாரத்தில் ஒரு நாள் நூலகத்துக்குப் போகும் அளவுக்கு வாழ்க்கையை விரித்துக் கொடுப்பது. அதைத் தோல்விக் கணக்கில் நான் எழுதுவதில்லை.

பயிற்சி மாணவராக முதல் நாள் வருகிறேன். என்ன கொண்டுவர வேண்டும்?

கட்டுக்கட்டாகப் புத்தகம் வேண்டாம். கலோரி எண்ணும் கைக்கடிகாரம் கட்டியிருந்தால் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். உட்கார வசதியான உடை போடுங்கள். ‘காலையில நிறைய சாப்பிட்டுட்டேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பன்னிரண்டரைக்கு மேசையில் உங்களுக்கும் ஒரு தட்டு வைத்திருப்போம்.